நுரை

கொருக்குப்பேட்டை கேட் மூடி இருபது நிமிஷம்.
டேங்கர் ரயில் வருகிறது என்றார்கள்,
ஒற்றை எஞ்சின் போய்த் திரும்பியது.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நாற்பதடி அகலத்தில்
ஒரு கணவன்.
வாஷிங் மெஷினைத் திறந்துவிட்டுக்
கழுத்துவரை நுரையில் நிற்கிறான்.
மனைவி நெற்றியில் கை வைத்திருக்கிறாள்.
கீழே மஞ்சளில்:
"இவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க!"

அந்த வரி என்னுடையது.
இந்தியிலிருந்து, பதினோரு நிமிஷம்,
சொல்லுக்கு நாலு ரூபாய்.
'ங்க' மட்டும் நானாகச் சேர்த்தது, மரியாதைக்கு.
அதற்குக் காசு வரவில்லை.

முன்னால், சைக்கிளில் ஒரு கால் ஊன்றி
ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.
"இன்னா தேசிங்கண்ணே,
ஸ்டான்லி லாண்டிரில எட்த்த போட்டோவா?"
ஆட்டோவிலிருந்து யாரோ.

அவர் சிரிக்கவில்லை.
"இம்மாம் நொரை வந்தா எப்போ அலசறது?
சோப்பு துணிலயே நின்னுடும்.
புண்ணு மேல பட்ற துணிபா."

பிறகு யாரும் கேட்காமலே
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்,
சுடுதண்ணீர் ஊற்றினால் கறை உட்கார்ந்துகொள்ளும்,
பிரசவ வார்டு தனி, தீக்காயம் இன்னும் தனி என்று
கேட் கம்பிக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

எனக்கு வந்த மெயிலில் இருந்தது:
பார்ப்பவர்கள் எளிய ஜனங்கள்,
யோசிக்க வைக்காதீர்கள்,
ஆண் கொஞ்சம் மக்காக இருந்தால்
பெண்கள் வாங்குவார்கள்.
ஓகே சார் என்று பதில் போட்டேன்,
மகளின் யூனிஃபார்ம் காலரை பிரஷ் போட்டுத் தேய்த்த ஈரம்
கையில் காய்வதற்குள்.

டேங்கர் வந்தது. நாற்பத்தேழு.
ஒவ்வொரு இடுக்கிலும் கொஞ்சம் நுரை,
கொஞ்சம் மனைவி.

கேட் ஏறியதும் பெடலை மிதித்தபடி தேசிங்கு கேட்டார்:
"அந்தப் பொம்பள ஏன் சும்மா நிக்குது?
ஸ்விட்ச்ச அணைக்கத் தெரியாதா அதுக்கு?"
யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தேன்.

ராத்திரி அடுத்த வேலை வந்தது. ஷேவிங் பிளேடு.
'ஆம்பளைன்னா' என்று அடித்து
மூன்று புள்ளி வைத்தேன்.
நாலாவதும் வைத்தேன்.
எழுந்து மாடிக்குப் போனேன்.
தண்டையார்பேட்டைக் காற்றில்
கொடித் துணியெல்லாம் விறைத்துக் கிடந்தது.
ஒரு சட்டையை உதறி,
சோப்பு நின்றிருக்கிறதா என்று
மோந்து பார்த்தேன்.