தாம் யோல்

கராகோய் படகுத்துறையில்
தேநீர்த் தட்டோடு ஓடும் பையனை
முதலாளி விரட்டுகிறார்: "தாம் யோல்!"
பாலத்து நெரிசலில்
அங்குலமும் நகராத டாக்சிக்காரனும்
அதையேதான் சொல்கிறான்.
வங்கி விளம்பரத்திலும் அதுவே,
கடனுக்கு.

நெஜ்மிக்குச் சிரிப்பு.
இருபத்தாறு வருடம்
நீர்மட்டத்துக்குக் கீழே
எண்ணெய்ப் புகையில் நின்ற ஆள்.
மேலே கப்பித்தான் பிடியைத் தள்ளினால்
கீழே மணி அடிக்கும்.
இவரும் தன் பிடியைத் தள்ளுவார்,
மேலே மணி அடிக்கும்:
கேட்டது. முழுவேகம்.
பிறகுதான் கப்பல் அசையும்.

பாதிச் சொல்தான் கரையேறியிருக்கிறது
என்பார்.

நேற்றிரவு பிரசவ அறைக் கதவுக்குள்
மருத்துவச்சி குல்சும்:
"தாம் யோல், பெண்ணே, தாம் யோல்!"
வெளியே நெஜ்மியின் கை
காற்றில் பிடியைத் தேடியது.

அதற்குள் உள்ளே
வீறிட்டது மணி.