வருகைப் பதிவு

சிக்னே,
உன் பெயரை எப்படி எழுதுவதென்று
எஸ்தர் டீச்சர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
கடைசியில் 'சிக்கினி' என்று எழுதினார்.
தங்கச்சிமடத்தில் அப்படித்தான் நீ
வேறு எதற்கோ விரித்த வலையில் ஏறிவந்த மாதிரி
வந்து சேர்ந்தாய்.

ஜூன் மாதம். கச்சான் காற்று
மைதானத்து மணலை வாரிக் கரும்பலகையில் அப்பியது.
இரட்டைச் சடை, நீல ரிப்பன் என்பது விதி.
உன் முடியோ காதைத் தாண்டவில்லை.
பி.டி. டீச்சர் யோசித்து யோசித்து
ரெண்டு ரிப்பனையும் உன் ரெண்டு மணிக்கட்டில் கட்டிவிட்டார்.
கைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாய்
திருவிழாவுக்குக் கொடி கட்டிய வள்ளம்போல.

எனக்கு ஆங்கிலம் வரும் என்று
உன் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள்.
எனக்கு வந்த ஆங்கிலம்
நூற்றுக்கு நாற்பத்தெட்டு அளவுக்கு.
'உங்க ஊர்ல என்ன விசேஷம், கேட்டுச் சொல்லு' என்றார் டீச்சர்.
கைகளால் மலை கட்டி, பனி தூவி,
நடுராத்திரியில் ஒரு சூரியனையும் நிறுத்தி
ஐந்து நிமிடம் பேசினாய்.
'மீன்' என்றேன் வகுப்புக்கு.
'அவ்வளவுதானா?'
'நிறைய மீன்.'

நீ வருகிறாய் என்பதற்காக
பள்ளியின் பின்சுவர் ஓரம் காய்ந்த கருவாட்டை
ஒரு வாரத்துக்கு அள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள்
செலஸ்டின் அம்மாவை.
நான்காம் நாள் இடைவேளையில்
கழுவிவிட்ட அந்த இடத்தில் நின்று
மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தாய்.
மீன் எங்கே போச்சு என்று கேட்டாய்.
நீ பேசி எனக்கு முழுதாகப் புரிந்த முதல் வாக்கியம் அது.
புரியாத மாதிரி நின்றேன்.

நீ கற்ற முதல் தமிழ்ச்சொல் 'உள்ளேன்'.
பெயரைக் கூப்பிட்டால் எழுந்து சொல்ல வேண்டும்.
அந்த ளகரத்துக்காக
நாக்கை மடித்து மடித்து மதியச் சோற்றை ஆறவிட்டாய்.
பிறகு எங்கும் அதுதான்.
பஸ்ஸில் 'டிக்கெட்' என்றார்கள்: உள்ளேன்.
ஜெயராணி அக்கா வீட்டில் 'இன்னொரு தோசை?': உள்ளேன்.
தெருநாய் குரைத்தது,
அதற்கும்.
அர்த்தம் கேட்டாய். சொன்னேன்.
'இருக்கிறேன், அப்புறம்?' என்றாய்.
அப்புறம் ஒன்றுமில்லை,
அதோடு உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

தடைக்காலம் முடிந்து போன முதல் சனிக்கிழமை
கடலுக்குப் போன படகுகளில் மூன்று
திரும்பவில்லை.
திங்கள் காலை
பதிவேட்டில் உனக்கு அடுத்த பெயர்.
'டென்சிங்.'
கடைசி பெஞ்சு, சன்னலோரம், காலி.
அவன் அப்பா மன்னாரில் இருந்தார்.
அவன் அம்மாவோடு ரோட்டில்,
மறியல் பந்தலில் உட்கார்ந்திருந்தான்.
எல்லாருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.
ஆனாலும் இன்னொரு தடவை கூப்பிட்டார்
'டென்சிங்.'

நீ காலி இடத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.
பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதற்கு
என்னிடம் ஆங்கிலம் இருந்தது.
யார், ஏன், எத்தனையாவது தடவை என்பதற்கு இல்லை.
குனிந்துகொண்டேன்.

நீ எழுந்தாய்.
'உள்ளேன் டீச்சர்.'

பின்னால் ஒரு சிரிப்பு தொடங்கி
பாதியில் நின்றது.
மின்விசிறி கிரீச்சிட்டது.
டீச்சரின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே
ரொம்ப நேரம் நின்றது.
ஒன்றும் எழுதவில்லை.
'தெரசம்மாள்' என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

உட்கார்ந்ததும் கிசுகிசுத்தாய்:
தப்பாகச் சொல்லிட்டேனா?
இல்லை என்றேன்.
அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.
உன் இடது மணிக்கட்டில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.
பிடித்துக் கட்டிவிட்டேன்.
கொஞ்சம் இறுக்கிவிட்டேன் போல,
ஆ என்றாய்.