சொல் வரம்பு

முப்பத்தைந்து வேலை நாள் என்றது ஒப்பந்தம்.
கையெழுத்துக்கு முப்பது சதவீதம்,
வரைவுக்கு நாற்பது,
மிச்சம் அவர்கள் திருப்தியடைந்த பிறகு.
நாட்டின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று
சில ஆண்டுக்கு ஒருமுறை எங்கோ ஒரு மேசையில் கேட்கிறார்கள்.
பதில் எழுத ஆள் தேடினார்கள்.
குறைந்த விலைப்புள்ளி என்னுடையது.

கடலூர் மாதிரி மாவட்டம்.
கடலோரம், தொழிற்சாலை, பேரிடர்
மூன்று கட்டத்திலும் டிக் விழுந்த ஊர்.

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் கோப்பு தயாராக இருந்தது.
குழந்தைத் தொழிலாளர்: பூஜ்யம்.
பள்ளி இடைநின்றோர்: பூஜ்யம்.
பூஜ்யத்தை இத்தனை வட்டமாக எழுதுகிறவரைப்
பார்க்க ஆசைப்பட்டேன்.
விடுப்பில் இருந்தார்,
மகளுக்குக் காய்ச்சலாம்.

மறுநாள் நாலரை மணிக்கு முதுநகர் துறைமுகம்.
ஐஸ் பாளம் உடைகிற சத்தம்,
உப்பனாற்றின் மேல் டீசல் மினுமினுப்பு,
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பியபோது
பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல்
முந்தானையை மட்டும் மூக்குக்கு ஏற்றினார்கள்.
இறால் உரிக்கிற கொட்டகையில் பதினொரு பேர்.
ஒருத்தி மட்டும் உயரம் குறைவு.

"வயசு என்னம்மா?"
"எதுக்கு?"
"ஒரு அறிக்கைக்கு."
"அறிக்கைக்குன்னா பதினெட்டு."

பெயரை எழுதக்கூடாது என்றாள்.
யுவந்திகா என்று வைத்துக்கொள்ளுங்கள்,
அது வேறு யாருடையதோ.

என்னிடம் நாற்பத்திரண்டு கேள்வி இருந்தது.
ஒன்பதாவதில் அவள் ஆரம்பித்தாள்.
"உங்களுக்குக் கிலோவுக்கு எவ்ளோ?"
கிலோ இல்லை, நாள் கணக்கு என்றேன்.
"நாளைக்கு எவ்ளோ?"
சொன்னேன்.
பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன்.
அவள் கை நிற்கவில்லை:
தலை, ஓடு, முதுகு நரம்பு,
மூன்று இழுப்பில் ஓர் இறால்.
வெளுத்துச் சுருங்கிய விரல்நுனியைப்
படிகாரத் தண்ணீரில் ஒரு முக்கு.

"முன்பணம் குடுத்தாங்களா?"
"முப்பது சதவீதம்."
"எங்கம்மாவும் வாங்கிட்டாங்க.
அதான் பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியும் வரேன்,
பின்னாடியும் வரேன்.
எனக்கு அட்டெண்டன்ஸ் இருக்கு மேடம்,
வேணும்னா போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். இருந்தது.
கடைசி பெஞ்சில் தலை சாய்ந்த நாட்களுக்கும்
வந்தாள் என்றே குறி.
இடைநின்றோர் பூஜ்யம், சரிதான்.
அவள் எங்கேயும் நிற்கவில்லையே.

அறிக்கைக்குச் சொல் வரம்பு உண்டு.
திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜில்
மின்விசிறிக்குக் கீழே வகுத்துப் பார்த்தேன்.
ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய இருபதாயிரம் பிள்ளைகள்.
"மேலும்" என்று நான் எழுதினால்
முதுநகர், சோனாங்குப்பம், அக்கரைகோரி, தாழங்குடா
எல்லாப் பிள்ளைகளும் அதில் ஏறிக்கொள்ள வேண்டும்.
அன்றிரவு மட்டும் "மேலும்" பதினேழு முறை.
அடித்தேன்.

வரைவு திரும்பி வந்தது, ஓரமெல்லாம் சிவப்பாக.
கதை வேண்டாம், போக்கு போதும்.
"வேலை செய்கிறாள்" என்ற இடத்தில்
"குடும்பத்துக்கு உதவுகிறாள்."
"கடன்" இருந்த இடத்தில் "பொருளாதாரச் சூழல்."
ஏற்கிறேன், ஏற்கிறேன் என்று
ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
வீட்டு வாடகை ஐந்தாம் தேதி.
இரண்டாம் தவணை நாலாம் தேதியே ஏறிவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
கிளம்பும்போது அவள் கேட்டாள்,
"அது முடிஞ்சா எத்தினி கிலோ வரும்?"
சிரித்துவிட்டு வந்தேன்.

அச்சுப் பிரதி கூரியரில் வந்த அன்று
சமையலறைத் தராசில் வைத்தேன்.
எழுநூற்று நாற்பது கிராம்,
அட்டையோடு.
அவள் கூலி கிலோவுக்குப் பதினாலு.
பத்து ரூபாய் முப்பத்தாறு காசு வருகிறது.
கைக்கு வராது,
முன்பணத்தில் கழிந்துவிடும்.