எழுதி வைக்காத எழுத்து

இங்கே எழுத்துகள் வரிசையில் நிற்பதில்லை.
ஏ-வுக்கு அடுத்து கே. பிறகு ஈ. அதற்கப்பால் ஹெச்.
ஏன் என்று ஃபெர்டனில் கேட்டுப் பார்த்தேன்,
ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.
நட்டநடுவில் எக்ஸ்.
அதற்குப் பலகை கிடையாது.
இருபதுக்கு நாற்பது மீட்டர் மணலில்
கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம்.
அங்கே போய் அசையாமல் நில் என்று
ஐந்து வயதுக் குதிரைக்கு யார் சொல்வது?

விப்கேதான் சொல்ல வேண்டும்.
பல் மருத்துவர், வயது நாற்பத்தொன்பது.
நாளெல்லாம் ஊரார் வாயைத்
திறக்கச் சொல்லிப் பழகியவள்
கோர்வின் வாயிலிருக்கும் இரும்பை மட்டும்
இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.
கடிவாளம் போடு என்றால்
என் மொழியில் அடக்கு என்று பொருள்.
அதை அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.
இரண்டு குளிர்காலம் கத்தியபின்
ஒரு செவ்வாய்க்கிழமை, குரல் கட்டிப்போய்,
மெதுவாகக் கேட்டேன்:
பயந்த குழந்தையின் ஆடும் பல்லைத் தொடுவாயே,
அந்தக் கை எங்கே?
அன்று விரல்கள் திறந்தன.
வார் தொய்ந்து தொங்கியது.
தொய்வு வேறு, தளர்வு வேறு என்று
மறுபடி முதலிலிருந்து.

பிப்ரவரி முழுக்க
ட்ரெய்லருக்குள்தான் அவனுக்குச் சாப்பாடு.
மார்ச்சில் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போய்
சேணம்கூடப் போடவில்லை.
வேலியோரம் புல் மேய்ந்தான்.
ஒலிபெருக்கி இருமியதும் சாணி போட்டான்.
பிறகு மறுபடி மேய்ந்தான்.
விப்கே வெட்கப்பட்டாள்.
நான் நாட்குறிப்பில் 'வெற்றி' என்று எழுதினேன்.

மே மாதம். தூறல்.
பயிற்சி மைதானத்தில் பதினொரு குதிரைகள்.
ஒரு சாம்பல் குதிரை உரசிக்கொண்டு போக
கோர்வினின் காதுகள் ஆளுக்கொரு திசையில் திரும்பின.
அமைதி அன்றைக்குக் குதிரைக்கொம்பு.
நடக்க விடு, பெரிய வட்டம், மூச்சு விடு,
நீயும்தான், என்றேன்.

மணி அடித்தது.

பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
இனி ஐந்து நிமிடம் ஊமை.
உதடு அசைந்தால் உதவி.
கை அசைந்தால் உதவி.
இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் புதைத்தேன்.
பையில் அவனுக்கென்று வைத்த காரட்.

ஏ-யில் நுழைந்தான்.
எதிர்க்கோடியில், சி-க்குக் கீழே,
நடுவர் ஓல்ட்மன்ஸின் மேசை.
மேசைக்கு முன்னால் ஜெரேனியத் தொட்டிகள்.
சிவப்பு. மிகச் சிவப்பு.
கழுத்து கொடிமரமாயிற்று.
துள்ளுநடை தரையை விட்டு எங்கோ போயிற்று.
அவள் முட்டி இறுகுவதை
முப்பது மீட்டர் தள்ளியிருந்து பார்த்தேன்.
விரல், விரல், விரல் என்று
வாய் நிறையச் சொல் திரள
வேறு வழியில்லாமல்
அவன் காரட்டை நானே கடித்தேன்.

மென்று முடிப்பதற்குள்
முட்டி அவிழ்ந்தது.
யார் சொன்னது? நான் சொல்லவில்லை.
கழுத்து ஒரு சாண் இறங்கியது,
இன்னும் ஒரு சாண்,
எழுதி வைக்காத அந்த எழுத்தை
இரண்டு மீட்டர் தாண்டிப் போய் நின்றான்.
கோணலாகத்தான். பின்கால் ஒன்று ஓய்வில்.
அவள் தலை குனிந்து வணங்கிய நிசப்தத்தில்
மைதானம் அதிரக் கனைத்தான்.
ஓல்ட்மன்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.
பிறகு எடுத்துக்கொண்டார்.

ஆறு புள்ளி ஒன்று. பன்னிரண்டில் ஒன்பதாவது.
'நிறுத்தம் கோணல், கவனச் சிதறல், நல்ல தாளம்.'
விப்கே அந்தத் தாளை
நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.
எங்கே விரல் திறந்தாய் என்று கேட்டேன்.
திறந்தேனா என்றாள்.

திரும்பும் வழியில், ஆல்லர் பாலத்தின்மேல்,
பின்னால் ட்ரெய்லருக்குள் ஓர் உதை.
இன்னொன்று.
களைப்பு போலிருக்கிறது என்றாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
காரட் கேட்கிறான்.