தூவாத காடு

கருப்பூர் சுரங்கத்தில்
வெள்ளைக்கல்லை எடுத்துக்கொண்டு
வேண்டாமென்று குவித்த பாசிநிறக் கல்.
அரைத்து
இருபத்திரண்டு டன்
அர்த்தநாரியின் குச்சிக்கிழங்குக் காட்டில் தூவினோம்.

மழை காற்றிலிருந்து கரியமில வாயுவைக்
கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழும்.
கல் அதைப் பிடித்து
பைகார்பனேட்டாக்கி அனுப்பிவிடும்
சரபங்காவுக்கு, காவிரிக்கு, கடலுக்கு.
ஆயிரமாயிரம் வருசம் திரும்பாது என்பது
மேலாளர் கூட்டங்களில் சொல்வது.
எனக்குத் தெரிந்தது பியூரெட்டின் நுனி.
மண்ணில் நட்ட குழாயில் வடிந்த நீர்
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்,
ஒரு சொட்டில்
செம்மஞ்சள்.
அதுவரை இறங்கிய அமிலம்தான்
பிடிபட்ட காற்றின் அளவு.

அதை நம்ப இன்னொரு காடு வேண்டும்.
வரப்புக்கு அந்தப் பக்கம்
அதே மண், அதே மழை, அதே கிழங்கு,
கல் மட்டும் இல்லாமல்.
அத்தியப்பன் கையெழுத்துப் போட்டார்.
"ஏனுங்க, சும்மா இருக்கறதுக்கா நாலாயிரம்?"
"ஆமாங்க. அதுதான் உங்க வேலை."

ஆவணியில் வித்தியாசம் தெரிந்தது.
ஐப்பசியில் நன்றாகவே.
லாரி குடித்த டீசலை,
அரவை மில்லின் கரண்டைக் கழித்தும் மிச்சம்,
ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கீழே.
அன்றைக்கு ஓமலூர் பஸ் ஸ்டாண்டில்
தனியாக நின்று கால் கிலோ மைசூர்பாக் தின்றேன்.

தையில்
இரண்டு குடுவையும்
ஒரே சொட்டில் சிவந்தன.
கழுவினேன். மறுபடி.
புது அமிலம் கலக்கி, மறுபடி.

வரப்பைத் தாண்டிப் போனேன்.
ஒவ்வொரு செடிக்கும் அடியில்
பாசிநிற மாவு,
வரிசை பிசகாமல்.

"அவன் காட்டுக்கு மட்டும் போட்டீங்க,
இலை கருகருன்னு நிக்குது.
மில்லுல கூட்டித் தள்ளுன தூசிங்க,
டிவிஎஸ் ஃபிப்டியில பதினோரு நடை."
எங்களுடையதைவிட நைசு.
அதனால்தான் இவ்வளவு வேகம்.
"இந்தக் கல்லுல நிக்கல் இருக்குங்க,
கிழங்கைச் சோதிக்காம விக்காதீங்க."
"நீங்கதான் சோதிக்கறவங்களாச்சே" என்றார்,
முழு நம்பிக்கையோடு.

காற்றில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும்.
எவ்வளவு என்று
இனி சொல்ல முடியாது.
பதிவேட்டில் 'தூவாத காடு' என்ற பத்தியை
மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து அடித்தேன்.
"அந்த நாலாயிரம்..." என்று இழுத்தார்.
"வெச்சுக்கங்க."

மூன்றாவது வரப்புக்கு அப்பால்
ஒரு அம்மா எருமையை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.
யாரென்று கேட்டேன்,
அவங்க காடு எப்படி என்று கேட்டேன்.
அத்தியப்பன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.
"ராமாயாளுங்களா?
அவங்க சும்மா இருக்கவே மாட்டாங்களே."