ஒரு காசளவு

ஞாயிற்றுக்கிழமை. கயிறு இல்லை, வாளி இல்லை.
தரையில் நடப்பதே எனக்கு விடுமுறை.

லஷீன் கால்வாயில் இன்னும் தண்ணீர் நிரப்பவில்லை.
ஏப்ரல் சேற்றில் ஒரு சைக்கிள்,
கவிழ்ந்த தள்ளுவண்டி ஒன்று,
அதன் சில்லுக்காகச் சண்டை பிடிக்கும்
இரண்டு கடற்காகங்கள்.

நளாயினி பலகைகளை விடமாட்டாள்.
ஒவ்வொன்றின் முன்னும் நின்று
பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்.
சீனி ஆலை. ஆணி ஆலை. மா ஆலை.
எப்போது கட்டினார்கள், யார் முதலாளி,
எப்போது பூட்டினார்கள்.
புதன்கிழமை அவளுக்குச் சோதனை.
இறந்தகால வினைச்சொல் பழக
மொன்றியலில் இதைவிட நல்ல இடம் இல்லை.

"வாய்க்காலோ, கால்வாயோ?" என்கிறாள் இடையில்.
"எப்படிப் புரட்டினாலும் தண்ணி ஓடும்."
மூடிய மதகைப் பார்க்கிறாள், பிறகு என்னை.

இந்தக் கட்டடங்களை எனக்கு
மேலிருந்து கீழாகத்தான் தெரியும்,
கண்ணாடி கண்ணாடியாக.
ஐந்தாம் மாடியில் ஒருவர் பூனைக்கு மருந்து கொடுப்பார்.
மூன்றாம் மாடியில் பியானோ, மூடி திறந்து கண்டதில்லை.
நான் கடந்து இறங்கும்போது
எல்லோரும் கைபேசியைப் பார்ப்பார்கள்.
மரியாதை என்று வைத்துக்கொள்வேன்.

"இதிலயும் வேலை செய்தனீங்களோ?"

பழைய பஞ்சாலை. போன ஐப்பசியில், ஆறு நாள்.
கயிறு கட்ட மேலே ஏறியபோது
பின்பக்கப் படிக்கட்டில்
மாற்றாமல் விட்ட யன்னல் ஒன்று கண்டேன்.
உள்ளே முழுக்கப் பச்சைப் பெயின்ற்.
வேலை நேரத்தில் யாரும் வெளியே பார்க்கக் கூடாதென்று
பூசியிருப்பார்கள். வேறென்னத்துக்கு?

அந்தப் பச்சையில் ஒரு துளை,
நகத்தால் அல்லது ஊசியால் சுரண்டியது.
ஒரு காசளவு.
கண் வைத்துப் பார்க்க
நான் முழங்காலில் இருக்க வேண்டியிருந்தது.
துண்டுத் தண்ணீர். அதில் ஒரு வாத்து,
பாதி.

வெளியே தொங்கி இறங்கியபோது
அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் துடைத்தேன்.

"எந்த யன்னல்?"
சுட்டிக் காட்டினேன். வெயில் பட்டு
எல்லாம் ஒரே மாதிரி மின்னின.

"எவ்வளவு உயரத்தில?"
இடுப்பருகே கையை நீட்டிக் காட்டினேன்.
கையை எடுத்த பிறகும் அந்த இடத்தையே பார்த்தாள்.

அடுத்த பலகையை வாசிக்காமல் கடந்தோம்.
பாலத்தடியில்தான் வாய் திறந்தாள்:
"பார்த்தது ஒண்டு, பார்த்துக்கொண்டிருந்தது இன்னொண்டு.
பிரெஞ்சில ரெண்டுக்கும் வேற வேற வடிவம்.
நான் எப்பவும் பிழைவிடுறது அதிலதான்."