ஆகுபெயர்

ஊர் சிரித்தது என்றால்
சிரித்தது ஊர் அல்ல, ஊரில் இருப்பவர்கள்.
வெற்றிலை நட்டான் என்றால்
நட்டது இலையை அல்ல, கொடியை.
இவ்வளவுதான் பள்ளியில் சொன்னார்கள்.
டின்னில் அடைத்த பன்றியிறைச்சியின் பெயர்
கேளாமல் வந்து குவியும் மின்னஞ்சலுக்கு ஆகிவந்தால்
அது எந்த ஆகுபெயர் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

ஹீலோவில் மழை.
ஹவாயில் வேறெங்கும் வெயில் அடித்தாலும் ஹீலோவில் மழை.
கினோவோலே தெருவில் சலவைக்கடைக்கு மேலே
வரிக்கணக்கு பார்க்கிறாள் டெல்ஃபின் மெதெய்ரோஸ்.
அனுப்பிவிட்டேன் என்று காப்பீட்டுக்காரன் சத்தியம் செய்த
கடிதம் ஒன்றைத் தேடி
மார்ச் மாதத்து மத்தியானம்
குப்பைப் பெட்டியைத் திறந்தாள்.

எல்லாரும் இருந்தார்கள்.
தந்தையின் தங்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாத இளவரசர்.
வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு.
முடி வளர மருந்து,
அதன் கீழே அதே கம்பெனி தரும்
முடி நீக்கும் மருந்து.
இவர்கள் நடுவே, பஸ்ஸில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்ததுபோல,
யாசுகோ மியாஷிரோ.

"இன்று ஸ்பாம் முசுபி இருபத்தெட்டு.
ஒன்று இரண்டேகால் டாலர்.
மழையானாலும் கொண்டுவருவேன்."
விடிகாலை ஐந்து பத்து.
மறுநாளும் ஐந்து பத்து.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள்:
"உங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை."

மன்னிப்புக் கேட்டு உடனே பதில் போட்டாள் டெல்ஃபின்.
பதிலின் தலைப்பிலும் அந்தச் சொல் இருந்தது.
அது நேரே யாசுகோவின் குப்பைப் பெட்டிக்குப் போயிற்று.
அங்கேயும் ஓர் இளவரசர் இருந்தார்.

வெள்ளிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு
நடந்தே போனாள்.
அடுப்பில் சர்க்கரையும் சோயாவும் கருகும் வாசனை.
சோற்றை அழுத்தும் அச்சு
இரண்டு பக்கமும் வெட்டிய அதே டின்.

"பெயரை மாற்றி எழுதேன்.
பன்றி முசுபி என்று போடு, யந்திரம் உள்ளே விட்டுவிடும்."

யாசுகோ துண்டைத் திருப்பிப் போட்டாள்.
"போர் நடந்தபோது என் அப்பாவைக்
கடலுக்குப் போகாதே என்றார்கள்.
எங்கள் முகம் அப்படி.
படகு கரையிலேயே கிடந்தது.
மீன் தின்ற வீட்டுக்கு டின் வந்தது.
நாலே எழுத்து. அம்மாவுக்குத் தெரிந்த
ஆங்கிலமும் அந்த நாலு எழுத்துதான்.
அதைக் குப்பை என்று யார் வைத்தது?"

டெல்ஃபினுக்குத் தெரிந்தது அரைகுறை.
எங்கோ தொலைக்காட்சியில் ஒரு தமாஷ்.
சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும்
அதுவே அதுவே அதுவே என்று கத்தி
மற்றவர் பேச்சையெல்லாம் முழுக அடித்தார்களாம்.
கணிப்பொறிப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம்.

"தினம் தின்று சலித்தவர்களா?"

"இருக்கும்."

"நாங்களும் தினம்தான் தின்றோம்" என்றாள் யாசுகோ.
கடற்பாசிப் பட்டையை
இடுப்புக் கச்சைபோல் இறுக்கிச் சுற்றினாள்.

சலிப்பாகுபெயர் என்று
இலக்கணத்தில் ஒன்று சேர்க்கலாம்.
யாருடைய சலிப்பு என்று தேர்வில் கேட்டால்
எனக்கு மதிப்பெண் கிடைக்காது.

டெல்ஃபின் அலுவலகம் திரும்பி
பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டு
இது குப்பை அல்ல,
இது குப்பை அல்ல என்றாள்.
நிச்சயமா, என்று கேட்டது யந்திரம்.
பன்னிரண்டு தடவையும் கேட்டது.

திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு
வங்கிக்கும் வரித்துறைக்கும் மேலே வந்து உட்கார்ந்தது
ஸ்பாம் முசுபி முப்பது.
யந்திரம் என்ன கற்றுக்கொண்டதோ,
பின்னாலேயே இளவரசரும் உள்ளே வந்துவிட்டார்.
டெல்ஃபின் அவரை உடனே விரட்டவில்லை.
அத்தனை தங்கத்தைத் தூக்கிக்கொண்டு
அத்தனை தூரம் வந்திருக்கிறார்,
பசிக்கும்.